சம்பளத்துக்கு எத்தனை ஜப்தி?

சம்பளப் பட்டியலில் வருமான வரி, வைப்பு நிதி, சொசைட்டிக் கடன் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் இருக்கிறது: கோர்ட் பிடித்தம். பெரும்பாலான ஊழியர்களுக்கு அது பணிக்காலம் முழுவதும் காலியாகவே கிடக்கும். ஒருமுறை அதில் எண் விழுந்துவிட்டால் ரகசியம் ஏதும் மிஞ்சாது. பில் போடும் குமாஸ்தாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது கேன்டீனுக்கும் தெரியும். இரண்டாவது, மூன்றாவது கோர்ட் உத்தரவு வரும்போது சம்பந்தப்பட்டவர் கேன்டீனுக்குப் போவதையே நிறுத்தியிருப்பார்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 4 முதல் இரண்டும் தனித்தனி மாவட்டங்களின் தலைநகரங்கள். தேவஸ்தானம், பல்கலைக்கழகம், ரூயா மருத்துவமனை, பஸ் டெப்போ, கூப்பிடு தூரத்தில் ரேணிகுண்டா ரயில்வே என்று திருப்பதி சம்பளக்காரர்கள் நிறைந்த ஊர். சித்தூரோ 1911இல் மாவட்டம் உருவான நாள் முதல் அரசு அலுவலகங்களின் ஊர். 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த பகுதி என்பதால் இரண்டு ஊரிலும் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் சம்மன் வருவது தெலுங்கில் அல்லது ஆங்கிலத்தில். ஜப்தி என்ற சொல் மட்டும் இரு மொழிக்கும் ஏறக்குறையப் பொது. தெலுங்கில் கடனுக்கு 'அப்பு' என்று பெயர். நம் பேச்சுவழக்கின் ஆப்புக்கும் அதற்கும் ஒரு மாத்திரைதான் வித்தியாசம்.

நிலையான சம்பளம் இருப்பவரைத் தேடிக் கடன் வருகிறது. அவர் வாங்கும் கடன் ஒரு பங்கு என்றால், அவர் கையெழுத்துக்காக வரும் கடன் இன்னொரு பங்கு. ஆந்திராவில் சீட்டு எடுத்தவர் பணத்தைக் கையில் வாங்க வேண்டுமானால் ஜாமீன் கொடுக்க வேண்டும். ஜாமீனுக்குச் சம்பளச் சான்றிதழ் வைத்திருப்பவர்தான் உசத்தி. பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டால் மறுக்க முடிவதில்லை. நாளை தன் மகள் கல்யாணத்துக்குச் சீட்டு எடுக்கும்போது அவர்தானே கையெழுத்துப் போட வேண்டும்! இப்படி ஒரே பிரிவில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றிருப்பார்கள். ஒருவர் தவணையை நிறுத்தினால் ஐந்து சம்பளமும் ஆடும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரைத் துரத்திவிட்டு அப்புறம் இவரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மளிகைக் கடை வைத்திருக்கும் கடனாளியை விட்டுவிட்டு, மாதா மாதம் சம்பளம் வாங்கும் ஜாமீன்தாரரைப் பிடிப்பதே சுலபம்.

இதோடு புரோநோட்டுக் கடன்களும் சேர்கின்றன. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். வழக்குப் போடும்போது பலர் கோர்ட்டுக்குப் போவதில்லை. வாங்கியது உண்மைதானே, போய் என்ன சொல்வது என்ற கூச்சம். விளைவு ஒருதலைப்பட்சமான டிக்ரி. கட்டிய தவணைகள் கணக்கில் வராமல், கேட்ட தொகை கேட்டபடியே தீர்ப்பாகிவிடுகிறது. அதன் பிறகு நிறைவேற்று மனு. அதற்கும் பிறகு, சம்பளம் வழங்கும் அதிகாரியின் மேஜைக்கு உத்தரவு.

ஒரு உத்தரவு என்றால் சமாளிக்கலாம். சித்தூர் கோர்ட்டிலிருந்து ஒன்று, திருப்பதி கோர்ட்டிலிருந்து இரண்டு என்று வந்தால்? மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டு பிய்த்துக்கொண்டால் குடும்பம் எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்கு 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அதன் 60ஆவது பிரிவின்படி சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயைத் தொடக் கூடாது; மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. மாதம் 31,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் போனால் 30,000. அதில் 20,000 ஊழியருக்கு. ஜப்திக்கு உட்பட்டது 10,000 மட்டுமே. டிக்ரி ஒன்றானாலும் பத்தானாலும் அந்தப் பத்தாயிரம் பத்தாயிரம்தான். (மனைவி மக்களின் ஜீவனாம்ச டிக்ரி இந்தக் கணக்கில் சேராது, அங்கே ஊழியருக்கு மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாப்பு. அது நியாயமும்கூட.)

அரசு, ரயில்வே, உள்ளாட்சி ஊழியர்களுக்கான விதி இன்னும் தெளிவானது. ஆணை 21, விதி 48. ஏற்கெனவே ஒரு ஜப்தி நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த உத்தரவு வந்தால், சம்பளம் வழங்கும் அதிகாரி அதை நிறைவேற்றக் கூடாது. பழைய ஜப்தியின் முழு விவரத்தையும் எழுதி, அனுப்பிய கோர்ட்டுக்கே உடனே திருப்பி அனுப்ப வேண்டும். பின்னால் வந்தவர் காத்திருக்கலாம். அல்லது பணம் வசூலாகும் கோர்ட்டில், அது வந்து சேர்வதற்கு முன்பே தானும் மனுப் போட்டு, 73ஆவது பிரிவின் கீழ் விகிதாசாரப் பங்கு கேட்கலாம். அது கடன் கொடுத்தவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பாகப்பிரிவினை. ஊழியரின் மூன்றில் இரண்டு பங்கில் அவர்களுக்கு வேலை இல்லை.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பது பில் பிரிவில் ஏன் தடுமாறுகிறது? அதே விதியின் இன்னொரு வரிதான் காரணம். உத்தரவை மீறி ஊழியருக்குப் பணம் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு அரசு அல்லது நிர்வாகம் பொறுப்பு. அதாவது, குறைவாகப் பிடித்தால் அலுவலகத்துக்கு ஆபத்து. அதிகமாகப் பிடித்தால் ஊழியருக்கு மட்டுமே நஷ்டம். எந்த குமாஸ்தாவும் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிக்க வக்கீல் படிப்பு வேண்டாம். கோர்ட் முத்திரை போட்ட காகிதத்தைத் 'திருப்பி அனுப்புகிறேன்' என்று எழுதும் துணிச்சல் எல்லா அலுவலகத்திலும் இருக்காது. இரண்டாவது உத்தரவையும் சேர்த்துப் பிடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதை எதிர்த்து எழுத வேண்டியவர் ஊழியர். அவரோ தலைகுனிந்து நடக்கிறார்.

இதைவிடக் குறைவாகத் தெரிந்த சலுகை ஒன்று இருக்கிறது. ஜப்திக்கு உட்பட்ட பகுதி, தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ, மொத்தம் 24 மாதங்கள் ஜப்தியில் இருந்துவிட்டால் அடுத்த 12 மாதங்களுக்கு அதைத் தொடக் கூடாது. யாருடைய டிக்ரிக்காகவும். அந்த 24 மாதமும் ஒரே டிக்ரிக்காகப் பிடித்திருந்தால், அந்த டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தை இனி எப்போதும் ஜப்தி செய்ய முடியாது. மேலே சொன்ன உதாரணத்தில் முதல் டிக்ரி மூன்று லட்சம் என்றால், இரண்டு வருஷத்தில் 2,40,000 வசூலாகியிருக்கும். பாக்கி அறுபதாயிரமும் வட்டியும் செத்துப்போவதில்லை. டிக்ரிக்கு 12 வருஷ ஆயுள் உண்டு, வீட்டையோ நிலத்தையோ தேடி வரலாம். சம்பளத்தின் பக்கம் மட்டும் வர முடியாது. ஒரு வருஷ ஓய்வுக்குப் பிறகு இரண்டாவது டிக்ரிக்காரரின் முறை.

ஆனால் 25ஆவது மாதம் பிறந்ததும் பிடித்தம் தானாக நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். உத்தரவு போட்ட கோர்ட் மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பில் குமாஸ்தா மாறிப் போயிருப்பார். எண்ண வேண்டியவர் ஊழியர்தான். ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்தி, 24 முடிந்ததும் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் ஜப்தியை நீக்கக் கோரி கோர்ட்டில் ஒரு மனுவும் கொடுத்தால்தான் சட்டம் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறது. கடன் எழுதி வாங்கும்போதே 'இந்தச் சலுகைகள் எனக்கு வேண்டாம்' என்று கையெழுத்து வாங்கியிருந்தால்? அந்த ஒப்பந்தம் செல்லாது. 1976 திருத்தம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

சட்டத்தின் தாராளத்தை அளவோடு புகழ வேண்டும். தொடக் கூடாத முதல் தொகை 1976 திருத்தத்தில் 400 ரூபாய் ஆயிற்று. 1999இல் திருத்தப்பட்டு 2002 ஜூலை 1 முதல் 1,000 ரூபாய். இன்றும் அதே ஆயிரம். ஒரு குடும்பம் ஒரு மாதம் உயிர் வாழ வேண்டிய அடிப்படைத் தொகை என்ற எண்ணத்தில் வைக்கப்பட்ட எண், இப்போது ஒரு காஸ் சிலிண்டரோடு தீர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மூன்றில் ஒரு பங்கு கணக்கிடப்படுவது மொத்தச் சம்பளத்தில், அரசு விலக்கு அளித்த படிகளை மட்டும் கழித்துவிட்டு. சொசைட்டிக் கடன் தவணையும் இன்ஷூரன்ஸும் மீதியிலிருந்து போகும். 31,000 வாங்குபவர் காகிதத்தில் 21,000க்குச் சொந்தக்காரர். கையில் வருவது அதில் பாதியாகவும் இருக்கலாம்.

கடனாளியின் கஷ்டம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், ஆனால் இங்கிலாந்து இதில் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே பல கடன்களுக்கான சம்பளப் பிடித்தங்களை ஒரே உத்தரவாகச் சேர்த்துவிடலாம்; இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு தேவை என்று கோர்ட் தனித்தனியாகப் பார்த்து, அதற்குக் கீழே போகாதபடி ஒரு கோடு போடுகிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரணக் கடனுக்கு, வரி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் போன மீதியில் 25 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. ஒரு கடனுக்காகச் சம்பளம் ஜப்தியானால் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டு கடன் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை!

நம்மிடம் எல்லாக் கடனையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த ஒரே வழி திவால் மனு. தமிழ்நாட்டுப் பக்கம் மஞ்சள் கடுதாசி; ஆந்திராவில் 'ஐ.பி.' போடுவது. 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின் கீழ் 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டுவிட்டால், கோர்ட் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாகத் துரத்த முடியாது. 2016ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டம் தனிநபர்களுக்கும் ஒரு பகுதியை எழுதி வைத்தது; 2019 டிசம்பரில் அமலானது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். ஆகவே திருப்பதியின் அட்டெண்டருக்கு நூறு வருஷப் பழைய சட்டமே கதி. அவர் அரசு ஊழியர் என்றால் அதிலும் ஒரு முள். மத்திய அரசு ஊழியர்களின் 1964 நடத்தை விதிகளில் 17ஆவது, தீராத கடனாளியாக இருக்கக் கூடாது என்கிறது. எதிர்பாராத, தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் வந்த கடன் என்று நிரூபிக்க வேண்டியவர் ஊழியரே. ஜாமீன் கையெழுத்து எதிர்பாராத காரணமா என்பது விசாரணை அதிகாரியின் மனசைப் பொறுத்தது.

திவால் வரை போகாமல் செய்யக்கூடியவை சில உண்டு. சம்மன் முறையாகக் கிடைக்கவில்லை என்றால், டிக்ரி தெரியவந்த 30 நாளுக்குள் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடலாம். எல்லாக் கடன் கொடுத்தவர்களையும் லோக் அதாலத்தில் உட்கார வைத்துத் தவணை பேசலாம். ஜாமீனாகக் கட்டியவர் அதை மூலக் கடனாளியிடம் கேட்டு வழக்குப் போடலாம். மற்ற ஜாமீன்தாரர்களிடம் சரிபங்கு வாங்கலாம். நண்பர் மேல் வழக்கா என்று தயங்குபவர், தன் சம்பளம் எந்த நட்பால் ஜப்தியாயிற்று என்பதை யோசிக்கலாம்.

வசூல்காரர்கள் கடைசியாக எடுப்பது ஜெயில் மிரட்டல். கடன் கட்ட வசதியே இல்லாதவரை, கெட்ட எண்ணம் இல்லாதபோது, சிவில் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியாயிற்று. பணம் கட்டாத டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

அது பலிக்காதபோது ரிட்டயர்மென்ட் பணத்தைக் குறி வைப்பார்கள். 'பி.எஃப். வரட்டும், மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம்.' எடுக்க முடியாது. வைப்பு நிதி ஊழியர் கைக்கு வந்து சேரும்வரை ஜப்திக்கு அப்பாற்பட்டது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கில் எதிர்த்தரப்பு ஒரு சீட்டுக் கம்பெனிதான். 2008இல் ராதே ஷியாம் குப்தா வழக்கில் அது இன்னும் ஒரு படி மேலே போயிற்று: ஓய்வூதியமும் கிராஜுவிட்டியும் வங்கியில் நிரந்தர வைப்பாக மாறிய பிறகும் அவை ஓய்வூதியமும் கிராஜுவிட்டியுமே. சர்வீஸ் முடிய மூன்று வருஷம் இருக்கும்போது நான்காவது டிக்ரி வாங்கிய ஜாமீன்தாரருக்கு இந்த இரண்டு தீர்ப்புகளின் நகல் பெட்டியில் இருப்பது நல்லது.