வயரில் மிச்சம் பிடிக்கலாமா?

நமது வியாபாரிகள் பலர் இப்போது கடைக்கு மூன்று, நான்கு ஏ.சி. பூட்டுகின்றனர். மெஷினுக்கு இலட்சக்கணக்கில் கொடுப்பவர்கள், வயருக்கு வந்ததும் பேரம் பேசுகின்றனர்.

12,000 பி.டி.யு. ஏ.சி. ஒன்று ஏறத்தாழ 5 அம்பியர் இழுக்கும். நான்கையும் ஒரே பழைய லைனில் கொடுத்தால் பிரேக்கர் விழத்தான் செய்யும். உடனே பெரிய பிரேக்கர் மாட்டுகிறார்கள். இதுதான் பேராபத்து. பிரேக்கர் இருப்பது வயரைக் காப்பதற்கு. வயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால், சுவருக்குள் வயர் சூடேறி எரியும்.

ஒவ்வொரு ஏ.சி.க்கும் தனி லைன், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். 30 அம்பியர் ஒற்றை பேஸ் இணைப்புப் போதாவிட்டால் மூன்று பேஸ் எடுங்கள்.

புறக்கோட்டையில் கடையோடு கடை ஒட்டியிருக்கிறது. நமது கடையில் பிடிக்கும் தீ அயலவரின் முதலையும் அழித்துவிடும். ஒட்டகத்தைக் கட்டிய பின்னர்தான் தவக்குல்.