டைரக்டரோட கிளப் ஃபீஸை யார் கட்டுறாங்க?

தாம்பரத்துல ஒரு ஜிம்ல சேர்றீங்க. ஃபீஸ் உங்க சம்பளத்துல இருந்து போகுது, ஜிஎஸ்டி இருந்தா அதையும் சேர்த்து. சரி, வேலைக்குத் தேவையான ஒரு தொழில்முறை அமைப்புல மெம்பர் ஆனா? அந்தச் சந்தாவையும் சம்பளக்காரர் தனியா கழிக்க முடியாது. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனோட சரி.

இப்ப என்.எல்.சி., சி.பி.சி.எல். மாதிரி மத்திய பொதுத்துறை நிறுவனங்களைப் பாருங்க. இவங்களுக்கான சம்பள வழிகாட்டுதலை டிபிஇ, அதாவது பொதுத்துறை நிறுவனங்கள் துறை வெளியிடுது. 2017 ஆகஸ்ட் 3 உத்தரவுப்படி, போர்டு லெவல் அதிகாரிகளுக்குப் பதவிக்காலம் வரைக்கும் அதிகபட்சம் 2 கிளப்ல கார்ப்பரேட் மெம்பர்ஷிப் தரலாம். கிளப் தனியாருது. ஃபீஸ் கட்டுறது அரசு பெரும்பங்கு வெச்சிருக்கிற கம்பெனி.

"பிசினஸ் பேச கிளப் வேணும்"னு சொல்வாங்க. முழுக்கப் பொய்னு நான் சொல்லலை. ஆனா வரி விதி இந்த வாதத்தைச் சும்மா நம்புறதில்லை. வருமான வரி விதிகளின்படி, கம்பெனி கட்டுற கிளப் செலவு அந்த அதிகாரிக்கு வரி விழுற பெர்க்யுசிட். முழுக்க ஆபீஸ் வேலைக்குத்தான்னா வரி இல்லை. ஆனா அதுக்கு எந்தத் தேதி, என்ன செலவு, பிசினஸுக்கு ஏன் தேவைப்பட்டுச்சுன்னு கம்பெனி பதிவு வெச்சிருக்கணும், சான்றும் தரணும். ஜிஎஸ்டி இன்னும் கறார்: பிரிவு 17(5)-ல கிளப் மெம்பர்ஷிப்புக்குப் பொதுவா இன்புட் கிரெடிட்டே கிடையாது.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. கார்ப்பரேட் மெம்பர்ஷிப் வாங்கக் கட்டுற ஆரம்ப ஃபீஸ், பெர்க்யுசிட் கணக்குலயே வராது. பெரிய கிளப்ல கனமான தொகையே அதுதான்! தனியார் கம்பெனிக்கும் இதே விதிதான். அங்க அது அவங்க ஷேர்ஹோல்டர் பாடு. இங்க நம்ம பாடு.

மெம்பர்ஷிப்பைத் தடை பண்ணணும்னு நான் கேட்கலை. எந்த கிளப், ஆரம்ப ஃபீஸ் எவ்வளவு, வருஷச் சந்தா எவ்வளவு, ஆபீஸ் வேலைக்கு எத்தனை தடவை போனாங்க, இதை வெப்சைட்ல போடட்டும். புதுசா ஒண்ணும் தயாரிக்க வேண்டியதில்லை. வரி விலக்கு எடுத்திருந்தா அந்தப் பதிவேடு ஏற்கெனவே இருக்கணும். எடுக்கலைன்னா பெர்க்யுசிட்டா ஏறியிருக்கணும்.

போடலைன்னா 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, ஃபீஸ் 10 ரூபாய். கேட்கும்போது அதிகாரியோட வரி விவரத்தைக் கேட்காதீங்க, தனிப்பட்ட தகவல்னு தள்ளிடுவாங்க. கம்பெனி எந்த கிளப்புக்கு எவ்வளவு கட்டுச்சுன்னு மட்டும் வருஷவாரியா கேளுங்க.