மஸ்டாங் வண்டியும் அதன் அபிமானிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே டிட்ராயிட் நகரில் 2022-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி போர்டு கம்பெனியார் தங்கள் மஸ்டாங் மோட்டார் வண்டியின் ஏழாவது அமைப்பை ஜனங்களுக்குக் காட்டினர். பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்களையெல்லாம் தத்தம் வண்டிகளிலேயே வந்து சேரும்படி அழைத்து, ஒரு திருவிழாவைப் போல் அதை நடத்தினர். வண்டி வெளிப்பட்ட உடனே வழக்கும் ஆரம்பமாயிற்று. முன்முகம் போட்டிக் கம்பெனியின் கமாரோவைப் போலிருக்கிறது என்றார் சிலர். மேற்கூரையின் வளைவு பழையதாகவே இருக்க, இதற்குப் 'புதிது' என்ற பெயர் எதற்கு என்றார் வேறு சிலர். முள் அசையும் வட்டக் கருவிகளை நீக்கிவிட்டு 12.4 அங்குலமும் 13.2 அங்குலமுமுள்ள இரண்டு ஒளித்திரைகளைச் சாரதியின் முன்னே நிறுத்தியது பெரும் அபசாரம் என்றார் இன்னும் சிலர். ஐந்து லிட்டர் வி-8 யந்திரத்தையும், கையால் மாற்றும் கியரையும் விடாமல் வைத்துக்கொண்டதற்காக மட்டும் எல்லோரும் கம்பெனியை வாழ்த்தினர்.

ஒரு மோட்டார் வண்டியின் மூக்கும் விழியும் எப்படியிருந்தால் நமக்கென்ன, இதற்கு ஒரு தலையங்கமா என்று நமது நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அறுபது வருஷ காலமாக இந்த வண்டிகளைப் பற்றி நடந்துவரும் வாதப் பிரதிவாதங்களைத் தொடர்ந்து பார்த்தால், அவை மூக்கையும் விழியையும் பற்றியவை மாத்திரமல்ல என்பது தெளிவாகும். ஒரு பொருளைச் செய்பவன் ஒருவன், அதை நேசிப்பவர் பலர். அது எவ்விதமிருக்க வேண்டுமென்று சொல்லும் பாத்தியதை யாருக்கு? சட்டப்படி பார்த்தால் இதற்கு ஒரே பதில்தான் உண்டு: பெயரும் சின்னமும் கம்பெனியின் சொத்து. சட்டத்தைக் கடந்த பதில் ஒன்றும் இருக்கிறதென்பதைக் கம்பெனியாரே பல தடவை ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.

'மஸில் கார்' என்று அமெரிக்கர் சொல்வது யாதெனில், நடுத்தர அளவுள்ள சாதாரண வண்டிக்குள் பெரிய வண்டியின் யந்திரத்தை வைத்து, சாதாரண மனிதன் கொடுக்கக்கூடிய விலைக்கு விற்பதாகும். புஜபல வண்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1964-ல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.வையே இவ்வகையில் முதலாவதென்று பலர் கணக்கிடுவர். அதே வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் மஸ்டாங் வெளிவந்தது. போர்டின் பால்கன் என்னும் சிக்கன வண்டியின் உறுப்புக்களைக் கொண்டே அதைச் செய்தனர். விலை 2,368 டாலர். அந்த விலைக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் யந்திரமே யன்றி வி-8 அன்று. எனினும் நீண்ட முன்புறமும் குறுகிய பின்புறமுமாய் அது நின்ற நிலை கண்டு இளைஞரும் குமாஸ்தாக்களும் ஆசிரியைகளும் கடைகளின் முன் கூடினர். முதல் வருஷத்தில் 4 லட்சத்துக்கு மேலும், இரண்டு வருஷத்துக்குள் 10 லட்சமும் விற்றன. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1966-ல் கமாரோவைக் கொண்டு பதில் சொல்லிற்று. கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ் பகுதியார் 1970-ம் வருஷத்து வண்டியாகச் சாலஞ்சரைக் கொண்டுவந்தனர். இம் மூன்றின் அபிமானிகளும் மூன்று மதத்தாரைப் போல் அன்று முதல் பிரிந்து நிற்கின்றனர்.

நேசம் கொண்டவர்களின் வாக்கு ஒருபோதும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை. வருஷத்துக்கு வருஷம் மஸ்டாங் நீண்டும் பருத்தும் வரவே, 1968-ல் போர்டு கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, சிறிய வண்டியைச் சிறியதாகவே ஏன் விடக்கூடாது என்று கேட்டார். கம்பெனியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தனரேயன்றி, 1971-ல் வந்த வண்டி முன்னிலும் பெரிதாயிருந்தது. பிறகு, 1974-ம் வருஷத்துக்கென்று பின்டோ என்னும் சின்ன வண்டியின் மீது கட்டப்பட்ட இரண்டாம் மஸ்டாங் வந்தது. அது கடைக்கு வந்த சில வாரங்களுக்குள், 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அந்த வருஷத்து வண்டிக்கு வி-8 யந்திரமே கிடையாது. ஆயினும் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் விற்றது. இன்று அதன் பெயரைச் சொன்னால் அபிமானிகள் முகம் சுளிக்கின்றனர். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற ஜனங்கள் அன்று அதை விரும்பி வாங்கினார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பின்னால் வந்தவர்கள் ரசனையைப் பற்றிச் செய்யும் தீர்ப்பில் இந்தக் குறை எப்பொழுதும் உண்டு. எதிர்த்தரப்புச் சாட்சிகளை யாரும் கூப்பிடுவதில்லை.

ஆனால் அபிமானிகளின் பக்கமே நியாயம் நின்ற சமயமும் உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். 1980-க்குப் பின் போர்டு கம்பெனியார், பின்சக்கரங்களை ஓட்டும் பழைய அமைப்பு இனி உதவாதென்று முடிவு செய்தனர். ஜப்பானிய மாஸ்டா கம்பெனியின் வண்டியை ஆதாரமாகக் கொண்டு, முன்சக்கரங்களை ஓட்டும் ஒரு வண்டியைத் தயாரித்து, அதற்கு மஸ்டாங் என்று பெயர் வைக்கத் திட்டமிட்டனர். 1987-ல் செய்தி பத்திரிகைகளில் வெளியாகவே, நாடெங்குமிருந்து கம்பெனிக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. கம்பெனியார் யோசித்தனர். தயாரான வண்டியை வீணாக்காமல் அதற்குப் புரோப் என்று வேறு பெயரிட்டு 1988-ல் விற்பனைக்கு விட்டு, மஸ்டாங்கை இருந்தபடியே விட்டுவைத்தனர். புரோப் மிச்சிகன் மாகாணத்தில் பிளாட் ராக் என்னும் ஊரில் செய்யப்பட்டு, 1997-ல் மறைந்தது. அதே பிளாட் ராக் தொழிற்சாலையிலேதான் 2004 முதல் மஸ்டாங் செய்யப்பட்டு வருகிறது. விதி நகைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அன்று எழுதியவர்கள் என்ன கேட்டனர் என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கின் வடிவத்தை அவர்கள் கேட்கவில்லை. எந்தச் சக்கரம் வண்டியைத் தள்ள வேண்டும், எந்த யந்திரம் முன்னே இருக்க வேண்டும் என்று, வண்டியின் உயிர்நிலையைப் பற்றிக் கேட்டனர். அவ்விதம் கேட்டவர்களிற் பலர் வண்டியை வாங்குகிறவர்களாகவும் இருந்தனர். 1982-ல் மறுபடியும் பலம் பெற்று வந்த ஐந்து லிட்டர் மஸ்டாங் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததே அவர்களுக்குச் சிறந்த சாட்சி. நியாயஸ்தலத்தில் முதற் கேள்வி, வழக்குத் தொடுப்பவனுக்குப் பாத்தியதை உண்டா என்பது. இவர்களுக்கு உண்டு.

கமாரோ வழக்கு நேர் விரோதமானது. 2010-லிருந்து ஐந்து வருஷம் விற்பனையில் அது மஸ்டாங்கை வென்றது. 2016-ம் வருஷத்துக்குக் கமாரோவைப் புதிதாகச் செய்தபோது, காடிலாக் வண்டிகளுக்கென்று ஏற்பட்ட இலேசான ஆதாரத்தின்மேல் கட்டினர். வளைவுகளில் திரும்புவதில் அதற்கு நிகர் போட்டியாளரிடம் இல்லையென்று ஓட்டிப் பார்த்த நிபுணர் பலர் எழுதினர். ஆனால் ஜன்னல்கள் கோட்டைச் சுவரில் வைத்த துவாரங்களைப் போலிருந்தன. உள்ளே உட்கார்ந்தவனுக்கு வெளியே தெருத் தெரியவில்லை. இந்தக் குறையை மாற்றக் கம்பெனியார் ஒன்றும் செய்யவில்லை. 2019-ல் எஸ்.எஸ். வண்டியின் முகத்தில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையை வைத்தனர். உடனே அபிமானிகள் கூக்குரலிட, மறு வருஷமே சின்னத்தை மேலே தூக்கிவைத்து, பட்டைக்கு வண்டியின் வர்ணத்தையே பூசிச் சமாதானம் செய்தனர். கூக்குரலிட்டவர்கள் ஜயித்தார்கள். ஆனால் வாங்குவோர் வரவில்லை. கடைசியில் கமாரோ உற்பத்தியே நின்றது. மீசையைத் திருத்திக்கொண்டிருந்தபோதே நோயாளி இறந்துபோனான்.

சாலஞ்சரோ, 2008 முதல் 2023 வரை ஏறக்குறைய ஒரே உருவத்துடன் இருந்தது. மூன்றிலும் அதுவே கனம். மூன்றிலும் அதுவே பழமை. ஆனால் பின்னாசனத்தில் மனிதர் உட்காரலாம். பெட்டியில் சாமான் வைக்கலாம். 707 குதிரைச் சக்தியுள்ள ஹெல்காட் முதலாக, விசேஷ எரிபொருளில் 1,025 குதிரைச் சக்தி காட்டும் டீமன் 170 ஈறாக, வருஷந்தோறும் ஒரு புதிய கர்ஜனை. 2021-ல் விற்பனையில் அது மஸ்டாங்கையும் முந்திற்று. ஆயிரம் குதிரைச் சக்தி பொது ரஸ்தாவில் எதற்கு என்று கேட்டால், அபிமானிகள் நம்மைப் பகைவராகக் கொள்வர், கொள்ளட்டும். நாற்சந்தியில் டயரைச் சுழற்றிப் புகை கிளப்புவதை வீரமென்று எண்ணுவோர் அவர்களுள்ளும் இருக்கின்றனர். அந்தச் சந்தியில் நடந்து செல்பவனுக்கும் ரஸ்தாவில் பாத்தியதை உண்டு.

2023 டிசம்பரில் சாலஞ்சரை நிறுத்திவிட்டு, டாட்ஜ் கம்பெனியார் 2024-ல் சார்ஜர் டேடோனா என்று மின்சாரத்தால் ஓடும் வண்டியைக் காட்டினர். பலத்தில் குறைவில்லை, உயர்ந்த வகையில் 670 குதிரைச் சக்தி. யந்திரமில்லாத வண்டிக்குச் சப்தமும் வேண்டுமென்று, ஒலிபெருக்கிகளும் குழாய் அறைகளும் வைத்து ஒரு முழக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கினர். அபிமானிகள் சிரித்தனர். அந்தச் சிரிப்பில் நமக்கு அநுதாபமுண்டு. மின்சார வண்டியை நாம் வெறுக்கவில்லை. புகையைக் குறைக்க வேண்டியது கட்டாயமென்பதே நமது அபிப்பிராயம். ஆனால், தான் எதுவோ அதுவாக நிற்கத் துணிவில்லாமல், இறந்தவனுடைய குரலில் பேசும் வண்டியை யார் நம்புவர்? மின்சார வண்டி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2025-ல் ஆறு சிலிண்டர் பெட்ரோல் யந்திரம் வைத்த சார்ஜரைக் கம்பெனியார் முன்னுக்குக் கொண்டுவர நேர்ந்தது. மஸ்டாங் என்னும் பெயரை 2019-ல் மாக்-இ என்னும் நான்கு கதவு மின்சார வண்டிக்குச் சூட்டிய போர்டு கம்பெனியாரும் இதே வசையைக் கேட்டனர். எனினும் அவர்கள் பழைய மஸ்டாங்கைக் கொல்லாமல் பக்கத்தில் வைத்திருந்தனர். அது புத்திசாலித்தனம்.

ஆகவே இன்று களத்தில் வி-8 யந்திரமும் இரண்டு கதவும் கையால் மாற்றும் கியருமாக இவ் வகையில் மஸ்டாங் ஒன்றே தனித்து நிற்கிறது. போட்டி இல்லாத இடத்தில் விலைக்கு அடக்கமில்லை. ஏழாவது மஸ்டாங் வந்தபோது, நான்கு சிலிண்டர் யந்திரமுள்ள சாதாரண வண்டியின் விலை 30 ஆயிரம் டாலருக்கு மேல். வி-8 உள்ள ஜி.டி. 40 ஆயிரம் டாலருக்கு மேல். 1964-ம் வருஷத்து 2,368 டாலரை இக்காலத்து நாணய மதிப்பில் கணக்கிட்டால் ஏறக்குறைய 24 ஆயிரம் டாலர்தான். இதைவிட முக்கியமாக மற்றொன்றைச் சொல்ல வேண்டும். 1964-ல் மிகக் குறைந்த விலை வண்டியிலும் சாரதி தானே கியரை மாற்றி ஓட்டினான். ஆறாவது மஸ்டாங்கில்கூட நான்கு சிலிண்டர் வண்டிக்கு அந்த வசதி இருந்தது. ஏழாவதில் அதைப் பறித்துவிட்டனர். கையால் மாற்றும் கியர் வேண்டுபவன் ஜி.டி.யின் விலையைக் கொடுத்தாக வேண்டும். கியர் பிழைத்ததென்று அபிமானிகள் கொண்டாடிய அன்றே, சம்பளக்கார இளைஞனுடைய கையிலிருந்து அது போய்விட்டது. விளக்குக்கும் திரைக்கும் அழுத கண்கள் இதைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

இதில் அபிமானிகளை மாத்திரம் குறை சொல்வது நியாயமன்று. வசதியுள்ள நடுவயதினர் இன்று இவ் வண்டிகளை வாங்குகின்றனர். அவர்களே அதிகம் பேசவும் செய்கின்றனர். இருபத்திரண்டு வயதுள்ள தொழிலாளி பழைய வண்டியைத் தேடிப் போகிறான். புதிய வண்டியைப் பற்றி அவனை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. மஸ்டாங்கின் வருஷாந்தர விற்பனை அமெரிக்காவில் இப்பொழுது 50 ஆயிரத்துக்கும் கீழே வந்திருக்கிறது. 1966-ல் 6 லட்சத்துக்கு மேல் செய்த கம்பெனி இது. காலம் மாறிற்று, ஜனங்கள் உயரமான வண்டிகளை விரும்புகின்றனர் என்று கம்பெனியார் சமாதானம் சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி விலைச் சீட்டில் எழுதியிருக்கிறது.

ஒளித்திரைகளைக் குறைத்து, அலங்காரங்களை விலக்கி, நான்கு சிலிண்டர் யந்திரத்துடன் கையால் மாற்றும் கியரைச் சேர்த்து, குறைந்த விலைக்கு ஒரு மஸ்டாங் தரும்படி அபிமானிகள் ஒரே குரலில் கேட்டதாக நாம் அறியவில்லை. 1987-ல் எழுதியவர்களிற் பலர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் மறுபடியும் பேனாவை எடுக்கலாம். இம்முறை தங்களுக்காக அன்று, தங்கள் பிள்ளைகளுக்காக.