தகுதி என்னும் பொய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மகள், அரசுப் பள்ளியில் முதலிடம் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு மருத்துவ இடம் கிடைக்குமா? நம் அறிவாளிகள் உடனே அவளுடைய மதிப்பெண்ணைக் கேட்பார்கள். தகப்பனாரால் எத்தனை ஆண்டு பயிற்சிக் கட்டணம் கட்ட முடியும் என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

2017இல் அரியலூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றார். நீட்டில் 720க்கு 86. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. அவரை நாம் அவ்வாண்டே இழந்தோம். 2021இல் ஏ.கே.ராஜன் குழு தந்த அறிக்கையின்படி, மருத்துவம் சேர்ந்தோரில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17இல் ஏறத்தாழ 12 விழுக்காடு, 2020-21இல் 71. ஓராண்டு வேலையின்றி வீட்டிலிருந்து படிக்க எந்தக் கூலிக் குடும்பத்தால் இயலும்?

அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு நல்லதே. ஆயினும் 2022இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். 100 இடங்களில் மாநிலத்தின் பங்கு 85, அதில் 7.5 விழுக்காடு என்பது ஆறு இடங்கள். அந்த ஆறுக்கும் நீட் எழுதியாக வேண்டும்.

பணப்பையை அளக்கும் தேர்வைத் தகுதித் தேர்வு என்றழைப்பதையாவது நிறுத்துவோம்.