எந்தப் பாதியால் அழைப்பீர்கள்?

பேரன் பிறந்து ஐந்து நாள்களாகியும் பெயர் முடிவாகவில்லை. ஏழாம் நாள் அகீகா. மகளின் கைப்பேசியில் நாற்பது பெயர்கள் இருந்தன. பாதிக்கு மேல் "ஒளி" அல்லது "இளவரசன்" என்றே பொருள் போட்டிருந்தது. ஆலிம் ஒருவரிடம் காட்டினோம். அவற்றுள் சில அரபுச் சொற்களே அல்ல என்றார்.

நான் விரும்பியது அப்துர் ரஹ்மான். அல்லாஹ்வுக்கு மிக உவப்பான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. என் அத்தாவின் பெயரும் அதுவே.

மகள் மறுத்தாள். "பள்ளியில் ரஹ்மான் என்றுதானே கூப்பிடுவார்கள், அத்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. ரஹ்மான் அல்லாஹ்வுக்கே உரிய திருநாமம். அடியான் என்னும் சொல்லை உதிர்த்துவிட்டு அதை மட்டும் மனிதனுக்குச் சூட்டுகிறோம். "அப்துல்" என்று மட்டும் அழைத்தாலோ, அது முற்றுப்பெறாத சொல். என் அத்தாவை ஊரார் வாழ்நாளெல்லாம் "ரகுமான் பாய்" என்றே அழைத்தனர்; நாங்களும் திருத்தவில்லை.

இரட்டைப் பெயர் நமக்குப் புதிதன்று. முஹம்மது யூசுப், செய்யது இப்ராஹீம் என்றெல்லாம் வைத்துவந்தோம். அவற்றின் பின்பாதி தனித்து நின்றாலும் பொருள் கெடாது. "அப்து" பெயர்கள் அப்படியல்ல. முழுமையாக அழைக்கும் உறுதி உள்ள வீட்டார் தாராளமாகச் சூட்டட்டும்.

முன்னோர் பெயர் என்பதாலேயே ஒரு பெயர் தகுதி பெற்றுவிடாது. ஸஈத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் பெயர் ஹஸ்ன். கரடுமுரடு என்று பொருள். அதை ஸஹ்ல், அதாவது எளிமை என மாற்றிக்கொள்ளுமாறு நபியவர்கள் கூறியபோது, தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்றார் அவர். அந்தக் கடுமை தம் குடும்பத்தில் தங்கிவிட்டதாகப் பேரர் கூறியதை புகாரீ பதிவு செய்துள்ளது. அதே வேளை, நபியவர்களே தம் மகனுக்குத் தம் மூதாதையான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரைச் சூட்டினார்கள்.

எங்கள் குழந்தைக்கு முஹம்மது இப்ராஹீம் என்று முடிவாயிற்று. அத்தாவின் பெயர் விடுபட்டதில் எனக்கு வருத்தமே. பிறப்புச் சான்றிதழில் "முஹம்மது" என்பதை ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். பின்னாளில் கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்தச் சுருக்கம் தரும் அலைச்சலை வளைகுடா சென்றவர்கள் அறிவர்.

அன்று மாலையே என் தங்கை குழந்தையை "இப்பு" என்று கொஞ்சத் தொடங்கிவிட்டாள். இம்முறை உடனே திருத்தினேன்.