நாற்பத்தைந்து நாள் தவணை

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மனக்குறையோடு வந்தார். பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்று வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை, அதேபோல் உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்க நினைத்திருக்கிறார். வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொடுத்து, அதன்பின் 45 நாள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "என் பொருளை விக்க எனக்கு எதுக்குச் சாமி தவணை? கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கிறவன் நோட்டுல எழுதிட்டா வாங்குறான்?" என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமோதித்தனர். அன்று நாம் சொன்ன பதில் போதாது என்று பிறகு பட்டது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

பதிவேட்டை வெறுக்க நம்மவர்க்குக் காரணம் உண்டு. 1878-இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த படைக்கலச் சட்டம் இந்தியனை உரிமம் கேட்டு நிற்க வைத்தது, ஐரோப்பியனுக்கோ விலக்களித்தது. அந்த அவமானம் ஆறாததால்தான் 1931-இல் கராச்சிக் காங்கிரசு, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆனால் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் யாருடைய தோலின் நிறத்தையும் கேட்கவில்லை. அதன் ஐந்தாம் பிரிவில் 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்ததே நம் பெரியவரைச் சினமூட்டிய விதி: தன் சொந்தத் துப்பாக்கியை விற்பவர், வாங்குபவரின் விவரத்தை மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதித் தர வேண்டும், 45 நாள் கழிந்த பின்னரே கைமாற்ற வேண்டும். அடக்கியாண்டவன் எழுதிய ஏடு வேறு, அயலானின் உயிரைக் காக்க நாமே எழுதும் ஏடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நேர்மையன்று.

ஏடு மட்டும் போதுமா? போதாது. அதே 1959 ஏப்ரலில் பம்பாயில் நடந்ததைக் காண்போம். கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் வாயால் கேட்ட செய்தியால் கலங்கித் தம் கப்பலுக்குச் சென்றார். இரவில் தனியே நெடுந்தொலைவு கார் ஓட்டப் போவதாகப் பொய்க் காரணம் சொல்லி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் கேட்டார், கொடுத்துவிட்டனர். முறைப்படி கேட்டார், முறைப்படி பெற்றார். மாலைக்குள் ஓர் உயிர் போயிற்று. 1961-இல் உச்ச நீதிமன்றம், இடையில் கழிந்த ஏறத்தாழ மூன்று மணி நேரமே தன்னிலைக்குத் திரும்பப் போதுமானது என்று கூறி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியே. எனினும் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனிதரைக் கேட்டுப் பழகிய நாம் அறிவோம், பலருக்கு மூன்று மணி நேரம் போதுவதில்லை. நானாவதி கேட்ட பொருளை மறுநாள் தருவதாக யாரேனும் சொல்லியிருந்தால்?

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்று கற்றோம். சினமும் மனச்சோர்வும் சம்மதத்தைப் பறிக்கும். தவணை கேட்கும் சட்டம், தான் அறியாமலே, அப்பாடத்தை ஏற்கிறது. காளவாசல் என்ற பெயரே சூளையைக் குறிக்கும் சொல். சூளை வைப்போர் நெருப்பு அணைந்ததும் அதைப் பிரிக்க மாட்டார்கள், ஆறவிடுவார்கள்.

அமெரிக்காவில் 1981-இல் அதிபர் ரீகன் சுடப்பட்டபோது காயமுற்ற பிரேடியின் பெயரால் 1993-இல் ஒரு சட்டம் வந்தது. கைத்துப்பாக்கி வாங்க ஐந்து நாள் காத்திருக்கச் சொன்னது. 1998 நவம்பரில் கணினி வழி உடனடிச் சோதனை வந்ததும் அந்த ஐந்து நாளும் போயிற்று. கணினி ஒருவனுடைய பழைய குற்றங்களைச் சொல்லும். இன்று காலை அவன் வீட்டில் நடந்ததைச் சொல்லுமா? 1923-இலேயே ஒரு நாள் தவணை வைத்த கலிபோர்னியா இன்று பத்து நாள் கேட்கிறது. விரைவே நல்லாட்சி என்று முழங்குவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

கள்ளத் துப்பாக்கிக்காரனை ஏடு தடுக்காது என்று பெரியவர் சொன்னது உண்மைதான். அவனைத் தேடிப் பிடிப்பது காவல்துறையின் வேலை. தவணை அவனுக்காக வந்ததன்று, நல்லவர் ஒருவரின் கெட்ட நாளுக்காக வந்தது. இங்கே நம் கேள்வி பெரியவரை விட்டுச் சட்டத்தின் பக்கம் திரும்புகிறது. நாம் அடக்கம் செய்தவர்களுள் துப்பாக்கியால் இறந்தவர் ஒருவரும் இல்லை. பூச்சிமருந்தால் தம்மை மாய்த்துக்கொண்டவர்களை எண்ணிச் சொல்ல மனம் வரவில்லை. பரீட்சை முடிவு வந்த மாலையில், கடன்காரன் வந்துபோன இரவில், கணவனோடு சண்டையிட்ட பகலில் அவர்கள் போனார்கள். இத்தகையோருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் விதி, 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெறவில்லை. திருச்சபை கனிந்தது, கடைப் பலகை கனியவில்லை. துப்பாக்கிக்கு 45 நாள் கேட்கும் அரசு, நஞ்சுக்கு 45 நிமிடம்கூடக் கேட்பதில்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் விற்பவரிடம் உரிமம் கேட்கிறது. வாங்குபவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அமிலம் வாங்குவோரின் பெயரை எழுதவும் அடையாளச் சான்று கேட்கவும் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதே, அந்த அக்கறை இதற்கு ஏன் இல்லை?

"பூச்சி காத்திருக்குமா சாமி?" என்று உழவர் கேட்பார். நியாயமான கேள்வி. இலங்கை தவணை வைக்கவில்லை. கொடிய மருந்துகளையே 1995 முதல் படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அங்குத் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது; விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை. தமிழக அரசும் ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தற்காலிகத் தடை விதித்துப் பார்த்தது. தற்காலிகம் என்ற சொல்லே நமக்கு வருத்தம். கொடியவை நிலையாகத் தடை செய்யப்படட்டும். எஞ்சியவற்றை வீட்டுப் பரணில் வைக்காமல், ஊருக்கு ஒரு பொது அறையில் இரு சாவிப் பூட்டின்கீழ் வைத்து, தெளிக்கும் நாளில் எழுதிக்கொடுத்து வாங்கட்டும். கூட்டுறவுச் சங்கக் கட்டடங்கள் இருக்கின்றன. நம் பங்கு மண்டபத்தின் பின்னறையும் காலியாகத்தான் கிடக்கிறது.

பெரியவர் மனு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் 31 நாள் இருக்கிறதென்று சென்ற ஞாயிறு முணுமுணுத்தார். பின்னறையின் சாவிகளுள் ஒன்றை அவரிடமே கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்.