ரிம்மை மினுக்கிறது பாதி வேலைதான்

இந்த வாரம் சேர்வர் இல்லை, மோட்டார் சைக்கிள் சில்லு. போன எபிசோடில் போன் பற்றரியை நாங்களே மாத்துறதைப் பற்றிக் கதைத்தோம். அதே கதை பைக்குக்கும் பொருந்தும். இங்கே இங்கிலாந்தில் 17 வயதில் சிபிடி முடித்த கையோடு பழைய 125 சிசி ஒன்றை வேண்டி, எல் பிளேட்டோடு வேலைக்கும் யூனிக்கும் ஓடுற நிறையப் பேரை எனக்குத் தெரியும். முதல் குளிர்காலம் முடிய ரிம் முழுக்கக் கறள். அம்மா பழைய தாச்சியைப் பார்த்துச் சொல்லுவாவே, அதே கறள்தான்.

உடனே யூடியூப்பைத் திறக்கிறோம். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில் நனைத்து உரஞ்ச, ரிம் கண்ணாடி மாதிரி வருது. வீடியோ முடியுது. பொய் இல்லை, அது உண்மையிலேயே வேலை செய்யும். அலுமினியம் குரோமைவிட மெதுவானது, அதனால் பெரிசாகக் கீறாது. ஆனால் வீடியோ முடிகிற இடத்தில்தான் வேலையே தொடங்குது என்பது என் அபிப்பிராயம்.

குரோம் ரிம்மின் உள்ளே இருப்பது இரும்பு. அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோமியம். அந்தக் குரோமியம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியாக றோட்டில் கொட்டுற உப்பும் தண்ணியும் உள்ளே போய் இரும்பைத் தின்னும். நீங்கள் துடைப்பது வெளியில் வந்த கறளை மட்டும்தான். ஓட்டை அங்கேயே இருக்கு. லொக் பைலை அழித்துவிட்டு பக் போயிட்டுது என்று சொல்லுற மாதிரி.

அதனால் உரஞ்சி, கழுவி, நல்லாக் காயவிட்டு, அன்றைக்கே மெழுகு அல்லது ஏசிஎஃப்-50 மாதிரி ஒன்றை மெல்லிசாகப் பூசுங்கள். ஏசிஎஃப்-50 முதலில் விமானங்களுக்காகச் செய்தது, இங்கே பைக்காரருக்கும் பழக்கம். ஒரு போத்தல் கனநாளைக்கு வரும். ரயரிலும் பிரேக் டிஸ்கிலும் ஒரு துளியும் படக்கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. உப்பு றோட்டில் ஓடி வந்த அன்று பச்சைத் தண்ணியால் கழுவுங்கள். இதுக்குச் செலவே இல்லை, ஆனால் ஒருத்தரும் செய்யிறதில்லை.

இதெல்லாத்துக்கும் முதல் ஃபிரிட்ஜில் இருக்கிற காந்தம் ஒன்றை எடுத்து ரிம்மில் வையுங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம், கதை வேறு. அதில் கறள் வராது, வெள்ளைப் பொடி வரும், மேலே இருக்கிற லக்கர் கொப்பளித்து உரியும். அதில் இரும்பு நார் வேண்டாம், விட்டுப்போகிற துகள்கள் பிறகு கறள் பிடிக்கும். கோஸ்டிக் சோடா இருக்கிற அவன் கிளீனர் அறவே வேண்டாம், அது அலுமினியத்தையே அரிக்கும். உரிந்த லக்கரை ஈர சாண்ட்பேப்பரால் எடுத்து, பிரைமர், வீல் பெயின்ற், திரும்ப லக்கர் என்று பொறுமையாக அடிக்க வேண்டியதுதான்.

பழைய 125க்கு உடனே புது ரிம் போடு என்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஒன்றும் பூசாமல் ஓடினால் புதிசுக்கும் இதே கதிதான். ஆனால் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் இருக்கு. டியூப் இல்லாத ரயரில் அடிக்கடி காத்து இறங்கினால், ரயர் வந்து உட்காருகிற உள்விளிம்பு அரித்திருக்கலாம். ரயர் மாத்தும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெடிப்பு, ஆழமான குழி, கறளில் இறுகிப்போன கம்பி கண்டால் பெயின்றால் மறைக்காமல் சில்லு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதோடு, பின் சில்லை எஞ்சினைப் போட்டுச் சுத்தவிட்டுத் துடைக்காதீர்கள். செயினில் விரல் போனால் திரும்ப வராது. கையால் உருட்டுங்கள்.

செய்யிறதென்றால் ஒக்டோபரிலேயே செய்யுங்கள், உப்பு லொறி றோட்டுக்கு வர முதல்.